ஸூம் பண்ணினால் எஃப் எண் ஏன் ஏறுகிறது: சின்னக் கமரா வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கமராவை இயக்கி லென்ஸ் வெளியே வந்ததும், அதன் வாயைச் சுற்றியுள்ள வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். பொடி எழுத்தில் இரண்டு சோடி எண்கள் இருக்கும். கெனன் ஐக்ஸஸ் 185 என்றால் 5.0–40.0 மில்லிமீற்றர், 3.2–6.9. சோனி ஆர்எக்ஸ் 100இன் முதல் மாதிரி என்றால் 10.4–37.1, 1.8–4.9. இங்கே முதலில் எழுதிய சோடி குவியத்தூரம் (சோனி போன்ற சில வளையங்களில் இது பின்னால் இருக்கும்): எவ்வளவு அகலமாக எடுக்கலாம், எவ்வளவு தூரத்துப் பொருளைக் கிட்டக் கொண்டுவரலாம் என்பதை அது சொல்லும். இரண்டாவது சோடி அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டும் எஃப் எண். 3.2 என்பது ஸூம் பண்ணாமல் அகலமாக வைத்திருக்கும்போது லென்ஸ் ஆகக்கூடத் திறக்கும் அளவு. 6.9 என்பது முழுதாக ஸூம் பண்ணியபின் ஆகக்கூடத் திறக்கும் அளவு. எண் கூடக்கூட வெளிச்சம் குறையும்.

கடையில் கமராவோடு ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை மடங்கு ஸூம், எத்தனை மெகாபிக்ஸல் என்பதுதான் பெரிதாக இருக்கும். மண்டபத்தில், கோயிலில், பொழுதுபட்டபின் படம் எடுப்பவருக்கு அவை இரண்டையும்விட வளையத்தில் உள்ள இந்த அப்பெர்ச்சர் சோடியே முக்கியம். பின்வரிசையிலிருந்து ஸூம் பண்ணி எடுத்த படம் மட்டும் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கமராவின் பழுதல்ல, இந்த எண்தான்.

துளை சுருங்குவதில்லை

ஸூம் பண்ணும்போது கமரா உள்ளே துளையை மூடிக்கொண்டு போகிறது என்றுதான் புதியவர்கள் பலர் எண்ணுகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. எஃப் எண் என்பது துளையின் அளவல்ல, ஒரு விகிதம்: குவியத்தூரத்தை, முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. ஐக்ஸஸ் 185ஐயே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அகலமான முனையில் 5.0ஐ 3.2ஆல் வகுத்தால் துளையின் விட்டம் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர். முழு ஸூமில் 40ஐ 6.9ஆல் வகுத்தால் 5.8 மில்லிமீற்றர். துளை மூன்றரை மடங்குக்கு மேல் பெருத்திருக்கிறது. ஆனால் குவியத்தூரம் எட்டு மடங்கு கூடிவிட்டது. துளையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால் விகிதம் ஏறுகிறது.

ஈடுகொடுக்கும் லென்ஸ்களும் உண்டு. 2012இல் வந்த பனசொனிக் எஃப்இசட் 200 தொடக்கம் முதல் முடிவு வரை எஃப் 2.8இலேயே நிற்கும். அதன் குவியத்தூரம் முடிவில் 108 மில்லிமீற்றர். அப்படியென்றால் துளை 38 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும், முன்கண்ணாடி அதைவிடப் பெரிதாக வேண்டும். அந்தக் கமரா காற்சட்டைப் பைக்குள் போகாததற்குக் காரணம் இதுதான். பைக்குள் போடக்கூடிய கமராவில் நீண்ட ஸூமும் மாறாத எஃப் எண்ணும் சேர்ந்து கிடைக்காது.

எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பதை அறிய இரண்டு எண்களையும் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்குங்கள். 6.9 ÷ 3.2 = 2.16, 2.16 × 2.16 = 4.65. அதாவது முழு ஸூமில் சென்சரில் (படத்தைப் பதியும் தகட்டில்) விழும் வெளிச்சம் நாலரை மடங்குக்கு மேல் குறைவு. ஆர்எக்ஸ் 100இல் இது ஏறக்குறைய 7.4 மடங்கு. கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 2 எஃப் 1.8 இலிருந்து 2.8 வரைதான் ஏறும் என்பதால் அதில் 2.4 மடங்குதான் இழப்பு. மண்டப நிகழ்ச்சிகளுக்கென்றே கமரா தேடுபவர், ஸூம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இந்தக் கடைசி வகையையே எடுக்க வேண்டும்.

முதல் வேலை: உங்கள் கமராவுக்கு ஓர் அட்டவணை

வளையத்தில் இரு முனைகளின் எண்கள்தான் இருக்கும். இடையில் எந்த இடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பது லென்ஸுக்கு லென்ஸ் வேறுபடும். சிலவற்றில் ஸூம் நெம்பியை இரண்டு தரம் தட்டியதுமே எண் பாய்ந்து ஏறிவிடும். சிலவற்றில் மெல்ல மெல்ல ஏறும். இதைத் தெரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும்.

மெனுவுக்குள் போய் முதலில் டிஜிட்டல் ஸூமை நிறுத்துங்கள். பிறகு டயலை ‘ஏ’ அல்லது ‘ஏவி’ (எஃப் எண்ணை நீங்கள் வைக்க, மற்றதைக் கமரா பார்த்துக்கொள்ளும் முறை) என்று போட்டிருக்கும் இடத்துக்குத் திருப்பி, கிடைக்கும் ஆகச்சிறிய எஃப் எண்ணை வையுங்கள். அந்த முறை இல்லாத எளிய கமரா என்றால் ‘பி’ முறையோ ஓட்டோ முறையோ போதும். ஆனால் ஃப்ளாஷை நிறுத்திவிட்டு, யன்னல் திரையை மூடிய அறையில் செய்ய வேண்டும். மங்கலான இடத்தில் கமரா தானாகவே துளையை முழுதாகத் திறக்கும்.

கமராவை மேசையில் வைத்து அகலமான முனையில் ஒரு படம் எடுங்கள். ஸூம் நெம்பியை ஒரேயொரு தட்டு. பொத்தானைப் பாதி அழுத்தித் திரையில் வரும் எஃப் எண்ணைப் பார்த்து, முழுதாக அழுத்துங்கள். மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒரு படம். முனை வரை இப்படியே போங்கள். நெம்பியை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் போனால் இடையில் உள்ள படிகள் தவறிவிடும்.

பிறகு படங்களைக் கணினியிலோ போனிலோ திறந்து விவரப் பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் குவியத்தூரமும் எஃப் எண்ணும் பதிவாகியிருக்கும். அங்கே வருவது பெரும்பாலும் உண்மையான குவியத்தூரம். வழக்கமாகப் பேசப்படும் 28, 50, 100 என்ற கணக்குக்குக் கொண்டுவர, ஐக்ஸஸ் போன்ற சிறிய சென்சர் கமராவில் 5.6ஆலும் ஆர்எக்ஸ் 100, ஜி7 எக்ஸ் போன்ற ஓரங்குலச் சென்சர் கமராவில் 2.7ஆலும் பெருக்குங்கள்.

இப்போது அட்டவணையில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க எண் 1.4 மடங்காகும் இடம் ஒன்று: 3.2 என்றால் 4.5, 1.8 என்றால் 2.5. அங்கே வெளிச்சம் பாதியாகிறது. அது இரு மடங்காகும் இடம் மற்றது: 3.2 என்றால் 6.4, 1.8 என்றால் 3.6. அங்கே வெளிச்சம் காற்பங்கு. இந்த இரண்டு இடங்களும் திரையில் தெரியும் ஸூம் பட்டையில் எங்கே வருகின்றன என்று மனதில் பதிந்துவிட்டால், மண்டபத்தில் நிற்கும்போது கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

எண் ஏறாமல் படம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறதா? டிஜிட்டல் ஸூம் இன்னும் நிற்கவில்லை. அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பது மட்டுமே. லென்ஸ் அசைவதில்லை, எஃப் எண்ணும் மாறாது.

ஸூம் முதலில், எண் பிறகு

‘ஏ’ முறையில் எஃப் 1.8 வைத்துவிட்டு ஸூம் பண்ணினால், அந்த எண் கிடைக்காத இடத்தில் கமரா தானே அடுத்த எண்ணுக்கு ஏறும். முனையில் 4.9 என்று நிற்கும். மறுபடி அகலத்துக்கு வரும்போது என்ன நடக்கும் என்பதில்தான் கமராக்கள் பிரிகின்றன. சில 1.8க்குத் திரும்பும், சில ஏறிய எண்ணிலேயே நின்றுவிடும். உங்களுடையது எப்படி என்று ஒருமுறை போய்வந்து பாருங்கள். திரும்பாத கமரா என்றால், ஸூம் செய்து, படத்துக்குள் எது எது வர வேண்டும் என்று முடிவு செய்தபின்தான் எஃப் எண்ணைத் தொடுவது என்று பழகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிகழ்ச்சி முழுதும் அகலமான படங்களையும் 4.9இலேயே எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடிப்பீர்கள்.

‘எம்’ முறையில் ஆபத்து இன்னும் கூட. ஷட்டரையும் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்குச் சென்சரின் உணர்திறன்) நீங்கள் கட்டிவைத்திருப்பதால், ஸூம் பண்ணியதும் ஈடுசெய்ய எதுவுமில்லை. படம் அப்படியே இருண்டுபோகும். ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விடக் கமரா இடம்கொடுத்தால் படம் இருளாது. ஆனால் எஃப் 1.8 இலிருந்து 4.9 வரை ஏறும் லென்ஸில், ஐஎஸ்ஓ 400 ஆக இருந்தது முனையில் 3000 வரை ஏறி, புள்ளிகள் தெரியத் தொடங்கும். ‘பி’ முறையிலும் ஓட்டோவிலும் கமரா ஐஎஸ்ஓவையும் ஏற்றும், ஷட்டரையும் இழுக்கும்.

வீடியோவில் இதற்கு எளிய வழி உண்டு. ஸூமின் எந்த இடத்திலும் கிடைக்கக்கூடிய ஓர் எண்ணை, ஆர்எக்ஸ் 100 என்றால் 5 அல்லது 5.6ஐ, தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். லென்ஸ் நகர நகரக் கமரா துளையைத் தானே சரிப்படுத்தி விகிதத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். நடுவழியில் காட்சி மங்குவது நின்றுவிடும். அதற்கு விலையாக அகலமான முனையின் வெளிச்சத்தை இழக்கிறீர்கள் என்பதால், பகல் வெளிச்சத்தில் அல்லது நல்ல விளக்குள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மண்டபத்தில்

கொழும்பு பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் போன்ற ஓர் இடத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பின்பாதியில் இருக்கிறீர்கள், கையில் ஐக்ஸஸ் வகைக் கமரா. அகலமான முனையில் எஃப் 3.2, ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50 செக்கன் என்று சரியான வெளிச்சம் கிடைக்கிறது. அங்கிருந்தே முழு ஸூம் போனால் எஃப் 6.9. அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் 1/11 செக்கனுக்கு இறங்கும். ஐஎஸ்ஓவை 1600 ஆக்கினாலும் 1/21தான். ஆனால் 224 மில்லிமீற்றருக்குச் சமமான ஸூமில் கை ஆட்டம் தெரியாமல் இருக்க 1/200 செக்கனாவது வேண்டும். பத்து மடங்கு குறை.

லென்ஸுக்குள் நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் கை ஆட்டத்தை அது பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஆடுபவரின் கை அசைவை அது நிறுத்தாது. மேடைச் சுவர் கூர்மையாகவும் பிள்ளையின் கையும் முகமும் இழுபட்டும் வந்திருந்தால் ஷட்டர் மெதுவானது என்று அறியலாம். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது உங்கள் கை.

செய்ய வேண்டியது முன்னால் போவது. பக்கவாட்டு நடைபாதை வழியாக மூன்றாம் நாலாம் வரிசைக்கு, மற்றவர்களின் பார்வையை மறைக்காமல். தூரம் பாதியானால் தேவையான குவியத்தூரமும் பாதி. அட்டவணையில் நீங்கள் குறித்த முதல் இடத்துக்குள் நிற்கலாம். அங்கே எஃப் 4.5, ஐஎஸ்ஓ 1600 என்றால் ஷட்டர் 1/50 செக்கன். அதுவும் ஓடி ஆடும் அசைவுக்குப் போதாது. ஆகவே தீர்மானம் (ஆட்டக்கோவையின் முடிப்பு) முடிந்து நர்த்தகி நிலைகொள்ளும் கணத்துக்குக் காத்திருந்து, தொடர்ச்சியாக மூன்று நாலு படங்கள் எடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிச்சயம் தேறும்.

டியூப் லைட் மட்டும் உள்ள மண்டபத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய டியூப் லைட் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் வெளிச்சம் சீராக வரும். 1/200, 1/250 என்று போனால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், சிலவேளை பட்டை பட்டையாக விழும்.

ஃப்ளாஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அதன் எட்டும் தூரமும் எஃப் எண்ணோடு சேர்ந்து குறைகிறது. அகலத்தில் 4 மீற்றர் எட்டும் ஃப்ளாஷ், எஃப் 6.9இல் அதே ஐஎஸ்ஓவில் 1.9 மீற்றருக்குக் கூட எட்டாது. கடைசி வரிசையிலிருந்து ஃப்ளாஷ் அடிப்பதால் முன்வரிசைக்காரரின் பிடரிதான் வெளிச்சமாகும்.

வெட்டி எடுப்பது வழியல்ல

ஸூம் பண்ணினால் எண் ஏறுகிறது, ஆகவே அகலமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றொரு யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க நியாயமாகத் தெரியும், ஆனால் தவறு. ஒரே இடத்தில் நின்று ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், அந்த முகத்திலிருந்து கமராவுக்குள் வந்துசேரும் மொத்த வெளிச்சத்தைத் தீர்மானிப்பது எஃப் எண்ணல்ல, துளையின் பரப்பு. ஐக்ஸஸில் துளை 1.6 இலிருந்து 5.8 மில்லிமீற்றருக்குப் பெருக்கிறது; பரப்பு ஏறக்குறைய 14 மடங்கு. ஸூம் படத்தில் ஐஎஸ்ஓ எண் பெரிதாக இருந்தாலும் முகத்தின் விவரம் அதில்தான் கூட இருக்கும். வெட்டிய படத்தில் முகத்துக்குச் சில ஆயிரம் பிக்ஸல்களே மிஞ்சும்.

ஆக, நகர முடியாத இடத்தில் இருந்தால் தயங்காமல் ஸூம் பண்ணுங்கள். நகர முடிந்தால் நகருங்கள்.

பின்னணி மங்கலாக வேண்டுமா

எஃப் எண் சிறிதானால் பின்னணி மங்கும் என்று படித்துவிட்டு, ஆளை எஃப் 3.2இல் அகலமாக எடுத்து, பின்னாலுள்ள மதிற்சுவர் வரை எல்லாம் கூர்மையாக வந்ததென்று குழம்புகிறவர்கள் உண்டு. இங்கேயும் துளைதான் பேசுகிறது. ஆளின் முகம் இரு படங்களிலும் ஒரே அளவில் வரும்படி எடுத்தால், வெகுதூரப் பின்னணியின் மங்கல் துளையின் விட்டத்துக்கேற்பக் கூடும். ஐக்ஸஸில் எஃப் 6.9 படம் எஃப் 3.2 படத்தைவிட மூன்றரை மடங்குக்கு மேல் மங்கிய பின்னணியைத் தரும். ஆர்எக்ஸ் 100இல் துளை 5.8 இலிருந்து 7.6க்குத்தான் போகிறது என்பதால் வித்தியாசம் 1.3 மடங்கு மட்டுமே.

விகாரமகாதேவி பூங்காவில் ஒரு பிள்ளையைப் படமெடுப்பதானால், காலை வெளிச்சத்தில், முழு ஸூமில், பின்னாலுள்ள மரங்களிலிருந்து பிள்ளையை நன்றாக முன்னுக்கு அழைத்து நிறுத்துங்கள். ஸூமில் கிட்டத்துப் பொருளுக்குக் குவியம் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்: ஆர்எக்ஸ் 100 அகலத்தில் 5 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும், முழு ஸூமில் 55 சென்ரிமீற்றராவது தள்ளி நிற்க வேண்டும்.

மலிவான கமராக்கள் பலவற்றில் துளையைச் சுருக்கும் இதழ்களே கிடையாது. ஸூமை அசைக்காதபோது திரையில் இரண்டே இரண்டு எஃப் எண்கள்தான் மாறிமாறி வருகின்றன என்றால், பெரும்பாலும் வெயிலில் உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடித் தகடு குறுக்கே விழுகிறது என்று அர்த்தம். அது வெளிச்சத்தைக் குறைக்கும். துளை அப்படியேதான் இருக்கும், பின்னணி மங்கலில் எந்த மாற்றமும் வராது.

வெளியில்

உச்சி வெயிலில் காலி முகத்திடலிலோ, பேரே வாவிக் கரையில் நின்று தாமரைக் கோபுரத்தை எடுக்கும்போதோ இந்தக் கவலை ஒன்றும் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப் 6.9 என்றாலும் 1/640 செக்கன் கிடைக்கும். தூரத்துப் படம் சாம்பல் பூத்தாற்போல வந்தால் அது கடற்காற்றின் உப்புப் புகாரும் வெக்கையும். காலையில் போய் எடுங்கள்.

கொழும்பில் சூரியன் மாலை ஆறு, ஆறரை மணிவாக்கில் மறைந்ததும் இருள் மளமளவென்று விழுந்துவிடும். செட்டியார் தெருவிலிருந்து வரும் ஆடிவேல் திருவிழாத் தேரை அந்தி நேரத்தில் காலி வீதியில் எடுக்க நினைத்தால், வெளிச்சம் இருக்கும்வரை தூரத்துப் படங்களை முடித்துக்கொண்டு, பொழுதுபட்டபின் ஸூமை விட்டு அகலத்துக்கு வந்துவிடுங்கள்.

கூர்மை வேண்டும் என்று எஃப் 8க்குப் போகாதீர்கள். பெரிய கமராக்காரர்களின் அந்த அறிவுரை சிறிய சென்சருக்குப் பொருந்தாது. ஐக்ஸஸ் வகையில் எஃப் 6.9இலேயே ஒளியின் விளிம்புச் சிதறலால் ஒரு புள்ளி ஏழெட்டுப் பிக்ஸல் அகலத்துக்குப் பரவுகிறது; இன்னும் சுருக்கினால் மென்மைதான் கூடும். ஓரங்குலச் சென்சரில் எஃப் 4, 5.6 நல்ல இடம்.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் படங்கள் பால்போலத் தெரிந்தால் முன்கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. துடைத்தால் மறுபடி படியும். கமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பைக்குள்ளேயே கால்மணி நேரம் விடுங்கள்.

பாவித்த கமரா வாங்கும்போது

கடையிலேயே முழு ஸூம் போட்டு, மங்கலான மூலையொன்றை நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். திரையில் வரும் எண் வளையத்தில் உள்ள பெரிய எஃப் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். லென்ஸ் போய்வரும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மணல் புகுந்திருக்கிறது. கடற்கரையில் பாவித்த கமராக்களில் இது சாதாரணம், ஒருநாள் பாதி வழியில் நின்றுவிடும். கடைசியாக, வெள்ளைச் சுவரை முழு ஸூமில், கிடைக்கும் ஆகப்பெரிய எஃப் எண்ணில் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். லென்ஸ் உள்ளே இழுத்த தூசி சென்சரில் படிந்திருந்தால் எஃப் எண் கூடும்போதுதான் கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரியும். அகலத்தில் எடுத்த மாதிரிப் படத்தைக் காட்டித் தலையில் கட்டப் பார்த்தால் விட்டுவிடுங்கள். இவ்வகைக் கமராவைக் கழற்றித் தூசி எடுக்கும் கூலி பல வேளைகளில் கமராவின் விலையையே எட்டிவிடும்.